புரதங்கள் ஏன் இவ்வளவு எளிதில் குலைகின்றன?

நம் உடம்பின் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். காய்ச்சலில் அது 40-ஐத் தாண்டினாலே பதறிப் போகிறோம். 42-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. வெறும் ஐந்து டிகிரிதான் வித்தியாசம். கல்லுக்கும் இரும்புக்கும் இந்த ஐந்து டிகிரி ஒரு பொருட்டே இல்லை. உடம்புக்கு மட்டும் ஏன் இத்தனை பாடு என்று கேட்டால், பதிலின் ஒரு பகுதி புரதங்களிடம் இருக்கிறது.

ஒரு புரதம் சரியாக மடிந்திருக்கும் நிலைக்கும், மடிப்பெல்லாம் அவிழ்ந்து துவண்டு கிடக்கும் நிலைக்கும் இடையே உள்ள ஆற்றல் வேறுபாட்டை அளந்திருக்கிறார்கள். பெரும்பாலான புரதங்களில் அது மோலுக்கு 20 முதல் 60 கிலோஜூல் வரைதான். ஹைட்ரஜன் பிணைப்பு என்பது வேதியியலில் பலவீனமான பிணைப்புகளில் ஒன்று. அப்படிப்பட்ட பிணைப்புகள் இரண்டோ மூன்றோ சேர்ந்தால் என்ன ஆற்றலோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் இதுவும். ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட ஒரு மூலக்கூறு இந்தச் சின்ன ஆதாயத்தை நம்பித்தான் தன் வடிவத்தில் நிற்கிறது. 60 டிகிரியைத் தாண்டியதும் முட்டையின் வெண்கரு இறுகத் தொடங்குகிறதே, அங்கே நடப்பது இதுதான். அந்த ஆதாயம் போய்விட்டது. அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கொண்டுவிட்டன.

பள்ளிப் பாடத்தில் இந்த விஷயம் வருவதில்லை. தசையில் புரதம், முடியில் புரதம், செரிக்க வைக்கும் நொதிகள் புரதம், நோயை எதிர்க்கும் பொருள் புரதம், இன்சுலினும் புரதம் என்று ஒரு பட்டியல் வரும். அமைப்பில் முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை, நான்காம்நிலை என்று இன்னொரு பட்டியல். எல்லாம் சரிதான். ஆனால் அதைப் படித்து முடிக்கிறவருக்குப் புரதம் என்றால் ஒருமுறை வார்த்து வைத்த உதிரிபாகம் என்ற எண்ணம்தான் மிஞ்சும். பல ஆண்டுகளாக இந்தத் துறையை ஆர்வத்தோடு படித்து வருகிற எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது. புரதம் மயிரிழையில் நிற்கிறது. அப்படி நிற்பதால்தான் அதனால் வேலை செய்யவே முடிகிறது. இதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சங்கிலி. செல்லுக்குள் ரைபோசோம், மரபணுவின் நகலைப் படித்து, இருபது வகை அமினோ அமிலங்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாகக் கோக்கிறது. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். தசையில் இருக்கும் டைட்டினில் 34,000-க்கும் மேல். முதுகெலும்புபோல ஓடும் தொடர் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஒவ்வொரு அமினோ அமிலத்தின் பக்கவாட்டிலும் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தொகுதியில்தான் வித்தியாசம். சிலது தண்ணீரோடு ஒட்டும், சிலது எண்ணெய்த் தன்மை கொண்டது, சிலதில் நேர்மின்னூட்டம், சிலதில் எதிர்மின்னூட்டம்.

இந்தச் சங்கிலியை மடிய வைப்பதில் பெரும்பங்கு தண்ணீருக்கு. எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு தொகுதி தண்ணீரில் நின்றால், அதைச் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் இஷ்டப்படி அசைய முடியாமல் ஓர் ஒழுங்குக்குள் மாட்டிக்கொள்கின்றன. அத்தகைய தொகுதிகள் உள்ளே ஒதுங்கி ஒன்றுகூடிவிட்டால் நீருக்கு விடுதலை. அதனால் சங்கிலி சுருண்டு, எண்ணெய்ப் பகுதிகளை உள்ளேயும் நீரை விரும்பும் பகுதிகளை வெளியேயும் வைத்துக்கொள்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணெய்த் தொகுதியோடு சேர்ந்து சங்கிலியின் தொடரும் உள்ளே போய்விடுகிறது. அந்தத் தொடரில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் நீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு வைத்திருந்தவை. உள்ளே நீர் இல்லை. ஆகவே அவை தங்களுக்குள்ளேயே பிணைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒழுங்கான வழிகள் முக்கியமாக இரண்டு: ஒன்று சுருள், மற்றொன்று பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய விரிப்பு. 1951-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் இவற்றைக் கண்டு சொன்னார்கள். ஆல்ஃபா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று நினைத்துத் தேடியவர்களுக்கு அது தட்டுப்படவில்லை.

சரி, எப்படி மடிய வேண்டும் என்று சங்கிலிக்கு யார் சொல்வது? கிறிஸ்டியன் அன்ஃபின்சென் அமெரிக்காவின் பெதஸ்தாவில் இதற்குச் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அவர் எடுத்துக்கொண்டது ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதி. 124 அமினோ அமிலங்கள். அவற்றில் எட்டு, கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்ற வகை. அந்த எட்டும் இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு கந்தகப் பாலங்கள் போட்டிருக்கும். அடர்ந்த யூரியாக் கரைசலில் போட்டு, பாலங்களையும் வேதிப்பொருளால் உடைத்தார். நொதி முழுக்க அவிழ்ந்தது, செயல் நின்றது. அப்புறம் யூரியாவையும் அந்த வேதிப்பொருளையும் மெல்ல நீக்கிக் காற்றுப்படும்படி விட்டபோது நொதி தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பிச் செயல்படத் தொடங்கியது. எட்டு சிஸ்டீன்களை இணை சேர்க்க 105 வழிகள் உண்டு. அது சரியான அந்த ஒன்றைத்தான் பிடித்தது.

அவர் இன்னொன்றும் செய்தார். யூரியாவை அப்படியே விட்டுவிட்டு, பாலங்கள் மட்டும் மறுபடி உருவாகவிட்டார். அவிழ்ந்து கிடக்கும் சங்கிலியில் எது எதோடு வேண்டுமானாலும் இணையும் அல்லவா? அப்படியே இணைந்தது. செயல் ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான் இருந்தது. 105-இல் ஒன்று என்ற கணக்கோடு அது ஒத்துப்போகிறது. பிறகு யூரியாவை நீக்கி, தவறான பாலங்கள் பிரிந்து சேர ஏதுவாக அந்த வேதிப்பொருளில் துளியளவு சேர்த்ததும், சில மணிநேரங்களில் நொதி தன் சரியான வடிவத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. வடிவத்துக்கான தகவல் முழுவதும் சங்கிலியின் வரிசையிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. 1972-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வரிசையிலிருந்து வடிவத்தைக் கணக்கிட்டுச் சொல்ல அதன் பிறகு அரை நூற்றாண்டு ஆனது. 2020-இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அதைப் பெருமளவு சாதித்தது. 2022-க்குள் இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவக் கணிப்புகளை இலவசமாக வெளியிட்டார்கள். 2024-இன் வேதியியல் நோபல் பரிசில் பாதி அதற்குப் போனது. மகத்தான சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு புரதத்துக்குப் பெரும்பாலும் ஒரு வடிவம்தான் அது தருகிறது. அசையும்போது அந்தப் புரதம் என்ன ஆகிறது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

மயோகுளோபினை எடுத்துக்கொள்வோம். தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும் சிறிய புரதம் இது. 153 அமினோ அமிலங்கள். ஆழத்தில் நெடுநேரம் மூச்சடக்கி நீந்தும் திமிங்கிலத்தின் தசையில் ஏராளமாக இருக்கும். அதனால் ஜான் கெண்ட்ரூ திமிங்கிலத்தின் மயோகுளோபினைப் படிகமாக்கி, எக்ஸ்ரே மூலம் அதன் வடிவத்தை 1958-இல் வெளியிட்டார். மனிதர்கள் கண்ட முதல் புரத வடிவம் அதுதான். பிறகு இன்னும் துல்லியமான படம் கிடைத்து, அணுக்கள் இருக்கும் இடம் தெரியவந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. ஆக்சிஜன் போய் உட்கார வேண்டிய இரும்பு அணு புரதத்தின் உள்ளே, ஹீம் என்ற தட்டையான வளையத்தின் நடுவே இருக்கிறது. வெளியிலிருந்து அங்கே போக ஆக்சிஜன் நுழையும் அளவுக்குக்கூட வழி கிடையாது. எல்லாப் பக்கமும் அணுக்கள் நெருக்கி அடைத்திருக்கின்றன. படத்தில் உள்ளபடியே மயோகுளோபின் அசையாமல் இருந்தால் அதனால் ஒரு ஆக்சிஜனைக்கூடப் பிடிக்க முடியாது.

ஆனால் பிடிக்கிறது. நொடியில் மிகச் சிறு பகுதிக்குள் பிடிக்கிறது. காரணம், அறை வெப்பநிலையிலேயே புரதத்தின் பக்கத் தொகுதிகள் ஓயாமல் விலகி, சேர்ந்து, திரும்பிக்கொண்டிருக்கின்றன. அந்த அசைவில் கணநேரத்துக்கு இடுக்குகள் திறந்து மூடுகின்றன, ஆக்சிஜன் அவற்றின் வழியே உள்ளே போய்விடுகிறது. வைரம்போல இறுகிய புரதமாக இருந்தால் இது நடக்காது. வடிவத்தைக் காக்கும் ஆதாயம் ஏன் இவ்வளவு சிறியது என்ற கேள்விக்கு எனக்கு முதலில் தெளிவு கொடுத்தது மயோகுளோபின்தான்.

நொதிகளிலும் இதே கதை. 1894-இல் எமில் ஃபிஷர், நொதியும் அது வேலை செய்யும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றன என்றார். நல்ல உவமை, இன்றும் எல்லோரும் சொல்வது. 1958-இல் டேனியல் கோஷ்லாண்டு அதைத் திருத்தினார்: பொருள் வந்து சேரும்போது நொதி தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்றார். ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதியில் இதைக் கண்ணாரக் காணலாம். குளுக்கோஸோடு ஒரு பாஸ்பேட்டை ஒட்டுவது அதன் வேலை. பாஸ்பேட்டைத் தருவது, செல் ஆற்றலுக்காகச் செலவிடும் ஏடிபி என்ற மூலக்கூறு. நொதிக்கு இரண்டு மடல்கள். குளுக்கோஸ் வந்து உட்கார்ந்ததும் ஒரு மடல் சுமார் 12 டிகிரி திரும்பி அதைச் சுற்றி மூடிக்கொள்கிறது. மூடாவிட்டால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிடும். ஏடிபியின் பாஸ்பேட் குளுக்கோஸுக்குப் போகாமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். அசையத் தெரியாத ஹெக்ஸோகைனேஸ் செல்லின் ஆற்றலைக் கரைத்துவிடும்.

இப்போது, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின். இதைப் பற்றி எவ்வளவு படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 1938-இல் பிராக் நகரில் ஃபெலிக்ஸ் ஹாரோவிட்ஸ் ஒரு விஷயத்தைப் பார்த்தார். குதிரை ஹீமோகுளோபினின் சிவந்த ஊசிப் படிகங்களைக் குளிரில் வைத்திருந்தார். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், கிருமிகள் அங்கிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டிருந்தன. ஊசிகள் இருந்த இடத்தில் ஊதா நிற அறுகோணத் தகடுகள். அவற்றை நுண்ணோக்கியில் வைத்து, ஓரத்திலிருந்து காற்று மெல்ல உள்ளே பரவுவதைக் கவனித்தார். காற்றுப்பட்ட தகடுகள் ஒவ்வொன்றாகக் குலைந்து கரைந்தன. அதே இடத்தில் சிவந்த ஊசிகள் முளைத்தன. இரும்போடு ஒட்டுவது இரண்டே அணுக்கள் கொண்ட ஆக்சிஜன் மூலக்கூறு. அது ஒட்டியதற்கே படிகம் நொறுங்குகிறது என்றால், அந்தப் புரதமே தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்றுதான் பொருள்.

ஹாரோவிட்ஸ்தான் மேக்ஸ் பெருட்ஸை ஹீமோகுளோபின் பக்கம் திருப்பியவர். பெருட்ஸ் 1937-இல் தொடங்கினார். முதல் படம் கிடைக்க 1959 வரை ஆனது. அதன்பிறகு, ஆக்சிஜன் உள்ள வடிவத்துக்கும் இல்லாத வடிவத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அலசி எடுக்க இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல். அவர் கண்டது இதுதான்: ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹீம், ஒரு இரும்பு. ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு அணு ஹீம் வளையத்தின் தளத்துக்குச் சற்று வெளியே, நானோமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு விலகி நிற்கிறது. ஆக்சிஜன் வந்து ஒட்டியதும் தளத்துக்குள் இறங்குகிறது. இறங்கும்போது தன்னோடு பிணைந்துள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை இழுக்கிறது, அது தான் இருக்கும் சுருளை இழுக்கிறது, அந்த இழுப்பு சங்கிலிகள் சந்திக்கும் இடம்வரை போகிறது. அங்கே சில பிணைப்புகள் விட்டுப்போகின்றன. கடைசியில் நான்கு சங்கிலிகளில் ஒரு ஜோடி மற்ற ஜோடியோடு ஒப்பிட 15 டிகிரி திரும்பிவிடுகிறது. அப்படித் திரும்பிய வடிவத்தில் மீதி இரும்புகள் ஆக்சிஜனைப் பல மடங்கு எளிதாகப் பிடிக்கின்றன.

இதனால் கிடைக்கும் பயனைப் பாருங்கள். ஆக்சிஜன் மிகுந்த நுரையீரலில் ஒன்று பிடித்தால் அடுத்தது சுலபம், அதனால் நான்கும் நிறைகின்றன. ஆக்சிஜன் குறைந்த திசுவில் ஒன்று கழன்றால் அடுத்தது கழல்வதும் சுலபம். மயோகுளோபினைப்போல எப்போதும் இறுக்கிப் பிடிக்கும் புரதம் இரத்தத்தில் ஓடினால், நுரையீரலில் வாங்கியதைத் திசுக்களுக்குக் கொடுக்கவே கொடுக்காது. உழைக்கும் தசை கார்பன் டை ஆக்சைடையும் அமிலத்தையும் வெளியே விடுகிறது. அவையும் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் விடும் வடிவத்தின் பக்கம் தள்ளுகின்றன. 1904-இல் கிறிஸ்டியன் போரும் உடன் உழைத்தவர்களும் கண்டது இது. எங்கே தேவை அதிகமோ அங்கே கூடுதலாகக் கொடுக்கும். ஆணையிட அங்கே யாரும் இல்லை. இரண்டு வடிவங்களுக்கும் இடையே உள்ள ஆற்றல் வேறுபாடு சிறியதாக இருப்பதால், ஒரு துளி அமிலமே அதைச் சாய்த்துவிடப் போதுமாகிறது.

அப்படிச் சாயும் ஒன்றை மிக எளிதில் கெடுக்கவும் முடியும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவதாக இருப்பது குளூட்டாமிக் அமிலம். எதிர்மின்னூட்டம் கொண்டது, தண்ணீரோடு உறவாடுவது. அந்த இடத்தில் எண்ணெய்த் தன்மையுள்ள வேலின் வந்துவிட்டால் அதுதான் அரிவாள் செல் நோய். 1949-இல் பாலிங் குழுவினர் இதை ஒரு மூலக்கூறு நோய் என்று நிறுவினார்கள்; அந்த ஒரே ஒரு மாற்றம் என்ன என்பதை 1957-இல் வெர்னன் இங்ராம் கண்டு சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த வேலின் புரதத்தின் வெளிப்புறத்தில் இருக்கிறது. மடிப்பைக் கெடுப்பதில்லை, ஆக்சிஜன் பிடிப்பதையும் தடுப்பதில்லை. ஆக்சிஜனை விட்ட வடிவத்தில் மட்டும், பக்கத்து ஹீமோகுளோபினில் எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு சிறு பள்ளம் வெளியே தெரிகிறது. வேலின் அதில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஒன்றோடு ஒன்று ஒட்டி நீண்ட இழைகளாகிவிட்டால் அணுவே வளைந்து விறைத்துப் போகிறது. குறுகிய இரத்தக் குழாய்களில் சிக்கி, தாங்க முடியாத வலியை உண்டாக்குகிறது. நான்கு மாதம் வாழ வேண்டிய சிவப்பணு இரண்டு மூன்று வாரங்களுக்குள் சிதைகிறது. இவ்வளவும் 146-இல் ஒன்று மாறியதற்கு. இந்த நோயோடு பிறந்த குழந்தைகளுக்கு முதல் சில மாதங்கள் தொல்லை தெரியாது. கருவில் இருந்தபோது உருவான வேறு வகை ஹீமோகுளோபின் அதுவரை காக்கிறது. 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த மரபணு திருத்த சிகிச்சை, அந்தக் கருக்கால ஹீமோகுளோபினை மறுபடி உருவாக வைப்பதுதான்.

அப்படியானால் புரதத்தை இன்னும் உறுதியாகச் செய்ய முடியாதா? முடியும். கொதிக்கும் ஊற்றுகளில் வாழும் பாக்டீரியாக்களின் நொதிகள் அப்படிப்பட்டவை. மரபணுச் சோதனைக்கூடங்களில் டிஎன்ஏவைப் பெருக்கப் பயன்படும் டாக் என்ற நொதி அத்தகைய ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. 72 டிகிரியில் பிரமாதமாக உழைக்கும். அறை வெப்பநிலையில் மந்தமாகிவிடும். அந்தச் சூட்டில் குலையாமல் இருக்கத் தேவையான இறுக்கம், குளிர்ந்த இடத்தில் அசைவைக் குறைத்துவிடுகிறது. ஒவ்வோர் உயிரின் புரதமும் அது வாழும் வெப்பத்தில் நிற்கவும் வேண்டும், அசையவும் வேண்டும்.

அசைய வேண்டாத, வெறுமனே தாங்க வேண்டிய புரதமும் இப்படித்தானா என்று கேட்கலாம். எலும்பு, தோல், தசைநார் எல்லாவற்றையும் தாங்கும் கொலாஜன்தான் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாரில் எடுத்த எக்ஸ்ரே படங்களை வைத்து, கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிய அமைப்பு என்று 1954-இல் சொன்னார்கள். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் இருப்பதிலேயே சிறிய அமினோ அமிலமான கிளைசின் வர வேண்டும்; நடு அச்சில் வேறெதற்கும் இடம் இல்லை. அந்த அமைப்பில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று வெளிநாட்டு அறிஞர்கள் குறை சொன்னார்கள். அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று தேடிப் போனதில்தான் 1963-இல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் ராமச்சந்திரன் வரைபடத்தைக் கொடுத்தார்கள். சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவே முடியாது என்று காட்டும் வரைபடம். இன்றும் உலகில் யார் புதிய புரத வடிவத்தை வெளியிட்டாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். ஒரு குறைக்குப் பதில் தேடியதில் இவ்வளவு பெரிய விஷயம் பிறந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமிதமாக இருக்கிறது.

அந்தக் கொலாஜனும் ஓரத்தில்தான் நிற்கிறது. மனிதக் கொலாஜனின் தனி மூலக்கூறு உடம்பின் வெப்பநிலையிலேயே நிலையற்றது, மெதுவாக அவிழ்ந்துவிடக்கூடியது என்று 2002-இல் காட்டினார்கள். மற்ற மூலக்கூறுகளோடு சேர்ந்து இழையாகக் கட்டுண்ட பிறகுதான் அதற்கு உறுதி வருகிறது. மூன்று சங்கிலிகளையும் பிடித்து நிறுத்த, அதில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலங்களில் பலவற்றோடு கூடுதலாக ஓர் ஆக்சிஜனைச் சேர்க்கிறது ஒரு நொதி. அந்த நொதி வேலை செய்ய வைட்டமின் சி வேண்டும். மாதக்கணக்கில் கிடைக்காமல் போனால் ஈறுகளில் இரத்தம் வடிந்து, ஆறிய காயங்கள்கூடத் திறந்துகொள்கின்றன. கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் இதுதான். குளிர்ந்த கடலில் வாழும் மீன்களின் கொலாஜனில் இந்தக் கூடுதல் ஆக்சிஜன் குறைவு. அது நம் உடல் வெப்பத்துக்கு வெகு கீழேயே குலைந்துவிடும். அந்த மீனுக்கு அது போதும்.

இந்த மயிரிழை எவ்வளவு மெல்லியது என்பதை, நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் பார்க்கலாம். செல்லின் சவ்வில் குளோரைடு அயனிகளை வெளியே விடும் புரதம் ஒன்று, 1,480 அமினோ அமிலங்கள் நீளம். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களிடம் அதன் 508-ஆவது அமினோ அமிலம் விடுபட்டிருக்கிறது. மரபணுவை 1989-இல் கண்டுபிடித்தபோதே இது தெரிந்துவிட்டது. அந்த ஒன்று இல்லாததால் புரதம் சரியாக மடிய முடியாமல் தடுமாறுகிறது. செல்லின் தரக் கண்காணிப்பு அதைச் சவ்வுக்குப் போகவிடாமல் சிதைத்துவிடுகிறது. செல்களை 27 டிகிரி குளிரில் வளர்த்தால் அதே புரதத்தில் ஒரு பகுதி மடிந்து, சவ்வுக்குப் போய், குளோரைடையும் ஓரளவு விடுகிறது என்று 1992-இல் கண்டார்கள். பத்து டிகிரி குறைந்தால் வேலை செய்யக்கூடிய ஒன்றை 37 டிகிரியில் உடம்பு தூக்கி எறிகிறது.

உடம்பைக் குளிர்விக்க முடியாது. அதற்குப் பதிலாக அந்தப் புரதத்திலேயே ஒட்டி அதைத் தாங்கும் சிறு மூலக்கூறுகளைத் தேடினார்கள். 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துகளின் கூட்டில் இரண்டு, மடிப்பு நிற்க உதவுகின்றன; மூன்றாவது, சவ்வுக்குப் போய்ச் சேர்ந்த புரதத்தின் வழி கூடுதல் நேரம் திறந்திருக்க வைக்கிறது. மூச்சுத் திணறலோடு வாழ்ந்த ஏராளமானோரின் நுரையீரல் தெளிவாக மேம்பட்டிருக்கிறது. மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட்டாக வேண்டும். மரபணு மாறவில்லை, செல் இன்னும் 508-ஆவது இல்லாத அதே புரதத்தைத்தான் செய்கிறது. மருந்து நின்றால் அந்தப் பிடிமானமும் நின்றுவிடும்.